தோற்றொழிலும் இரும்பூசியும்

பண்டை மக்கள் தோல் தைத்தமைக்குத் தோலே சான்றாய்க் கிடைப்பது அரிது. மழையும் வெயிலும் மாறிவரும் வன்னி மண்ணில் அது மக்கிப்போக, எஞ்சுவது இரும்புக் கருவியே. இத்தொழிலைத் தமிழிலக்கியமும் அறியும்: புறநானூற்று 82ஆம் பாட்டில் சாத்தந்தையார், கட்டிலுக்கு வார் பிணிப்போன் கையூசியின் விரைவைப் போரின் விரைவுக்கு உவமையாக்கினார். வன்னியின் வடமேற்கே, பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் ஆராய்ந்து 1993இல் நூலாக வெளியிட்ட பெருங்கற்காலப் பண்பாடும் இரும்பை அறிந்ததே.

ஆயின் குத்தூசி தோலையும் துளைக்கும், மரத்தையும் துளைக்கும். வடிவம் மட்டும் அதன் தொழிலைக் கூறாது. உடன்கிடந்த எலும்பு, மட்கலம், மண்ணடுக்கு ஆகியனவே கூறும். எனவே, வயலில் துருவேறிய சிறுதுண்டைக் காணும் மாணவர் அதனைப் பெயர்த்தெடுத்தல் தகாது. இடத்தைக் குறித்துத் தொல்பொருட்டிணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். இடமறியா இரும்பு வாயிழந்த சான்றாகும்.