யார் வீட்டு எலி?

சென்ற மாதம் நம் சங்கத்தில் நடந்த குழந்தைகள் வினாடி வினாவில் கேள்வி கேட்கும் பொறுப்பு எனக்கு. "மவுஸ், ஜன்னல், சிறு படங்கள் இவற்றைக் கொண்டு கம்ப்யூட்டரை இயக்கும் முறையைத் தந்த நிறுவனம் எது?" என்று கேட்டேன். ஒரு சிறுமி "ஜெராக்ஸ்" என்றாள். சபையில் ஒரே சிரிப்பு. என் தாளில் "ஆப்பிள்" என்று இருந்ததால் நான் மதிப்பெண் தரவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. வீடு திரும்பியும் மனம் கேட்கவில்லை. புத்தகங்களைத் தேடிப் படித்தேன்.

முன்பெல்லாம் கம்ப்யூட்டருக்குரிய கட்டளைகளை மனப்பாடம் செய்து, எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும். ரயில்வேயில் பழைய சிக்னல் கேபினிலும் எந்த எண் லீவர் எந்தப் பாயிண்டை நகர்த்தும் என்பது அத்துப்படியாக இருக்க வேண்டும். பிறகு பேனல் வந்தது. யார்டின் படமே எதிரில் இருக்கும். அதிலுள்ள பொத்தான்களை அழுத்தினால் பாதை அமைந்துவிடும். கம்ப்யூட்டரில் நடந்த மாற்றமும் ஏறக்குறைய இதுதான்.

மவுஸ் அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனை. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் 1964-ல் பில் இங்கிலிஷ் அதைச் செய்து கொடுத்தார். ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரங்கள், அவ்வளவுதான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதைச் சபையில் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டில் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனமும் உருண்டை பொருத்திய மவுஸ் ஒன்றைத் தனியாகவே கொண்டுவந்தது.

அடுத்தது ஜெராக்ஸ். அதன் பாலோ ஆல்டோ மையத்தில் 1973-ல் பிறந்த 'ஆல்டோ' கம்ப்யூட்டரில் மவுஸ் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஜன்னல்களை அதன் திரையில் காட்டியது ஆலன் கே குழு. ஆனால் ஆல்டோ கடைக்கு வரவில்லை. 1981-ல் விற்பனைக்கு வந்த 'ஸ்டார்' விலையோ 16,000 டாலருக்கு மேல்!

1979-ல் ஆப்பிளின் பங்குகளை ஜெராக்ஸ் வாங்கியது. அதையொட்டி ஸ்டீவ் ஜாப்ஸ் குழுவினர் அந்த மையத்துக்குள் அனுமதிக்கப்பட்டனர். இதைத் திருட்டு என்பவர்கள் உண்டு. கதவைத் திறந்து உள்ளே அழைக்கப்பட்டவரைத் திருடன் என்பது எப்படி? மேலும் ஆப்பிள் வெறும் நகல் எடுக்கவில்லை. மேலிருந்து கீழே விரியும் மெனு போன்றவற்றைச் சேர்த்தது. 1984-ல் மெக்கின்டாஷை 2,495 டாலருக்குக் கொண்டுவந்தது.

1985-ல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் வந்தது. 1988-ல் ஆப்பிள் அதன்மேல் வழக்குப் போட்டது. 1989-ல் ஜெராக்ஸ் ஆப்பிள்மேல் போட்டது! ஜெராக்ஸின் வழக்கு 1990-ல் பெரும்பாலும் தள்ளுபடியானது. ஆப்பிள் 1994-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. விண்டோஸில் இருந்த பலவற்றுக்கும் 1985-ல் ஆப்பிளே ஒப்பந்தம் எழுதி அனுமதி கொடுத்திருந்தது. மற்றபடி, பதிப்புரிமைச் சட்டம் யோசனையைக் காக்காது. அது வெளிப்படும் வடிவத்தை மட்டுமே காக்கும்.

இத்தனை சண்டையிலும் எங்கல்பார்ட்டுக்கு என்ன கிடைத்தது? 1970-ல் வந்த காப்புரிமை நிலையத்துக்கே சொந்தம். அவருக்கு ராயல்டி எதுவும் வரவில்லை. கலாசி ஒருவர் சொன்ன யோசனை அதிகாரி பெயரில் சுற்றறிக்கையாக வந்ததைப் பணிமனையில் நானும் கண்டிருக்கிறேன்.

ஆக, பிசகு அந்தக் குழந்தையின் பதிலில் இல்லை. ஒரே பெயரை எதிர்பார்த்த என் கேள்வியில்தான். அவளுக்குரிய மதிப்பெண்ணைச் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று சிரித்தவர்கள் அவளைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.