இருட்டுக்கு ஓர் இசை

தாளம் கிடையாது, பாட்டு கிடையாது, மெட்டுகூட அநேகமாகக் கிடையாது. இப்படியும் ஓர் இசைவகை உண்டு நேயர்களே, பெயர் டார்க் ஆம்பியன்ட். பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென அமைத்த இதமான இசைக்கு இருண்ட பங்காளி என்று வையுங்கள். புதிதாகக் கேட்பவர்கள், வேல்ஸ்காரரான லஸ்ட்மோர்டின் 'ஹெரசி'யில் தொடங்கலாம். 1990-இல் வந்தது. நிலவறைகளிலும் குகைகளிலும் சுரங்கங்களிலும் பதிவுசெய்த ஒலிகளை இழுத்து நீட்டி, தாழ்த்தி, அடுக்கிச் செய்த ஆல்பம். கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போய்விடும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அது எழுப்பாது. ஹெட்போன் வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், பொறுங்கள். பயமுறுத்தும் என்பார்கள், சிலருக்கு நல்ல தூக்கம் வருவதும் உண்டு! மெட்டு வேண்டுமென்றால் சுவீடனின் 'ஏட்ரியம் கார்செரி' பக்கம் போகலாம். அங்கே நடுநடுவே பியானோ கேட்கும்.