பன்னிரண்டரை மில்லிகிராமில் தொடங்கும் மருந்து

மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளில் குளோசாபினின் வரலாறு தனி ரகம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்த வான்டர் நிறுவனம் 1958-இல் இதை உருவாக்கியது. அன்றைய மருந்துகள் உடல் விறைப்பையும் கை நடுக்கத்தையும் கொண்டுவந்தன. விறைப்பு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றே மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். விறைப்பு ஏதுமின்றிக் குணம் தந்த குளோசாபின் அவர்களைத் திகைக்க வைத்தது.

1975-இல் பின்லாந்திலிருந்து கெட்ட செய்தி வந்தது. மருந்து எடுத்த சிலருக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் திடீரெனச் சரிந்தன. தொற்று தாக்கிச் சிலர் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தைக் கைவிட்டன. ஆனால் வேறெதற்கும் அசையாத நோயாளிகளை என்ன செய்வது? 1988-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அத்தகையவர்களையே எடுத்துக்கொண்டது. ஆறு வாரத்தில், பழைய மருந்தான குளோர்புரோமசின் பெற்றவர்களில் 4 சதவீதமும், குளோசாபின் பெற்றவர்களில் 30 சதவீதமும் தேறினார்கள். மறு ஆண்டே, இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு அமெரிக்கா அனுமதி தந்தது.

இன்றும், வேறு இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் பலனில்லாதபோதுதான் பொதுவாக இது எழுதப்படுகிறது. முதல் நாள் அளவு 12.5 மில்லிகிராம். எடுத்த எடுப்பில் அதிகம் கொடுத்தால் இரத்த அழுத்தம் சட்டென இறங்கி, எழுந்து நிற்பவர் மயங்கி விழலாம். ஆகவே படிப்படியாக ஏற்றி, இரண்டு வாரம் போல எடுத்துக்கொண்டு 300 மில்லிகிராமை எட்டுகிறார்கள். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் மீண்டும் 12.5-இலிருந்தே தொடங்க வேண்டும். இடைவெளியில் உடல் பழக்கத்தை இழந்துவிடுகிறது. வெள்ளை அணுக்கள் சரியும் ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம். அதனால்தான் பிரிட்டனில் முதல் 18 வாரமும் வாரம் ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள்.

வியப்பான சங்கதி சிகரெட்டில் இருக்கிறது. புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அது குளோசாபினை வேகமாகச் சிதைக்கிறது. புகைப்பவர் திடீரென நிறுத்தினால் நொதி அடங்கி, அதே மாத்திரையிலேயே இரத்தத்தில் மருந்தின் அளவு எகிறும்; தூக்கம் அழுத்தும், வலிப்புகூட வரலாம். இது நிக்கோட்டினின் வேலை அல்ல, புகையின் வேலை. எனவே நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொண்டாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தான் செய்யும்.

எல்லோரும் இரத்தத்தையே பார்க்க, மலச்சிக்கல் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. குளோசாபின் குடலின் அசைவை மந்தமாக்கும். மலச்சிக்கல் முற்றினால் உயிரையே எடுக்கலாம். அதையும் இரத்தப் பரிசோதனைக்கு இணையாகவே விசாரிக்க வேண்டும் என்பேன்.

வீட்டில் யாராவது இந்த மருந்தில் இருந்தால், காய்ச்சலோ தொண்டை வலியோ வந்த அன்றே மருத்துவரிடம் சொல்லி இரத்தம் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், வயிறு வீங்கி மலம் இறங்காமை ஆகியவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். சிகரெட்டை விடப்போகிறார் என்றால், நல்ல முடிவுதான். விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.