லேட்டா வர்ற கிரகம்... யார் காரணம்?

உங்க காலேஜ் பஸ் தினமும் சரியா 8.10-க்கு ஸ்டாப்புக்கு வருதுன்னு வைங்க. திடீர்னு சில மாசம் அஞ்சு நிமிஷம் முன்னாடி வருது, அப்புறம் சில மாசம் அஞ்சு நிமிஷம் லேட். டிரைவரும் அதே ஆள், ரூட்டும் அதே ரூட். அப்போ வழியில யாரோ வேலையைக் காட்டுறாங்கன்னுதானே தோணும்? இப்படி ஒரு டவுட்டில்தான், சாரா பலார்ட் தலைமையிலான குழு 2011-ல் கண்ணுக்கே தெரியாத ஒரு கிரகத்தைப் பிடித்தது.

மேட்டர் இதுதான். கெப்ளர்-19 என்பது சூரியனைவிடக் கொஞ்சம் சின்ன நட்சத்திரம். நாசாவின் கெப்ளர் தொலைநோக்கி (2009-ல் கிளம்பி 2018-ல் ரிட்டயர் ஆன பார்ட்டி) இதையே முறைத்துப் பார்த்தபோது, 9.3 நாளுக்கு ஒருமுறை வெளிச்சம் லேசாகக் குறைந்தது. எவ்வளவு? பத்தாயிரத்தில் ஐந்தாறு பங்கு! ட்யூப்லைட் முன்னால் ஈசல் போகிற மாதிரி, பூமியைப்போல 2.2 மடங்கு அகலமான கிரகம் ஒன்று குறுக்கே போகிறது. பெயர் கெப்ளர்-19பி.

தனியாகச் சுற்றும் கிரகம் என்றால் டைமிங் பக்காவாக இருக்கும். இவரோ சுமார் 300 நாளுக்கு ஒரு ரவுண்டாக, 5 நிமிடம் வரை முந்துவதும் பிந்துவதுமாக இருந்தார். காரணம், பக்கத்தில் இன்னொரு கிரகம் ஈர்ப்பு விசையால் பிடித்து இழுக்கிறது. அதன் பாதை கொஞ்சம் சாய்ந்திருப்பதால், நம் பார்வையில் அது நட்சத்திரத்தின் குறுக்கே வராமல் நழுவிவிடுகிறது. அதான் கெப்ளர் கண்ணில் சிக்கவில்லை!

யுரேனஸ் தடம் மாறி நடப்பதை வைத்துக் கணக்குப் போட்டு, 1846-ல் லெ வெரியர் நெப்டியூனின் இடத்தைச் சொன்னாரே, கிட்டத்தட்ட அதே டெக்னிக். ஆனால், நெப்டியூனை டெலஸ்கோப்பில் பார்த்து 'ஓகே' சொல்லிவிட முடிந்தது. இங்கே அந்த வசதி கிடையாது. பல விதமான கிரகங்கள் இதே 5 நிமிடக் கலாட்டாவைச் செய்யலாம் என்பதுதான் பெரிய தலைவலி. 'ஒரு சுற்று 160 நாளுக்குள், எடை ஆறு வியாழனுக்குள்' என்பதற்கு மேல் 2011-ல் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆள் இருக்கிறது உறுதி, அடையாளம் மட்டும் மிஸ்ஸிங்!

விடை 2017-ல் வந்தது. ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள கலிலியோ தொலைநோக்கியில், நட்சத்திரம் முன்னும் பின்னும் தள்ளாடுவதை அளந்தார்கள். அதையும் பழைய டைமிங் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், மறைந்திருந்த 'சி' ஒரு சுற்றுக்கு எடுப்பது 28.7 நாள். எடை, பூமியைப்போல 13 மடங்கு. 'பி' மூன்று சுற்று முடிக்கும்போது 'சி' கிட்டத்தட்ட ஒரு சுற்று. அந்த 'கிட்டத்தட்ட'தான் விஷயமே! கணக்கு கொஞ்சம் பிசகுவதால், இரண்டும் நெருங்கும் இடம் மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. அந்த நகர்வு ஒரு முழு ரவுண்டு முடிக்கத்தான் அந்த 300 நாள்.

இதே வேட்டையில் போனஸாக மூன்றாவது கிரகமும் மாட்டியது. 63 நாளுக்கு ஒரு சுற்று, 'சி'யைவிட வெயிட் பார்ட்டி. அதுவும் குறுக்கே வராத கேஸ்தான்!