செங்கம் சாலைப் பலகையும் கோட்டையின் 21 வருஷமும்: தெரியுமா?

ரமணாசிரம வாசலில் நின்று செங்கம் சாலையின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். கிளினிக், சித்த வைத்தியசாலை, ஆயுர்வேத மசாஜ், பல் டாக்டர், ரத்தப் பரிசோதனை நிலையம் என்று பலகைக்குப் பலகை மருத்துவம்தான். தனியார் மருத்துவ நிலையங்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் போட்டது எந்த வருஷம் தெரியுமா? 1997! அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் வெளிவந்த வருஷம்? 2018! இடையில் முழுசாக 21 வருஷம். சட்டம் நிறைவேறிய அன்று பிறந்த பிள்ளை, விதி வெளிவரும்போது டாக்டர் படிப்பில் பாதிக்கு மேல் முடித்திருக்கும்.

அதே 1997-ல் கோட்டையில் இன்னொன்றும் நடந்தது. தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் இந்தியாவிலேயே தமிழ்நாடுதான்! டெல்லியின் சட்டம் வர 2005 ஆனது. அவசரப்பட்டு மார்தட்ட வேண்டாம். எதையெல்லாம் சொல்ல மாட்டோம் என்று நம் சட்டத்தில் 22 விலக்குகள் இருந்தன. திறந்த கதவுக்கு 22 தாழ்ப்பாள்!

இதெல்லாம் முன்னோட்டம்தான். தூக்கிவாரிப்போடும் கதை நீட் மசோதாக்களுடையது.

2017 பிப்ரவரி 1. மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்விலிருந்து விலக்கு கேட்டு இரண்டு மசோதாக்கள், எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு ஒன்று, பட்டமேற்படிப்புக்கு ஒன்று, சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறின. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக டெல்லிக்குப் போயின. அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. இங்கே ஊர் ஊராகப் போராட்டம், டிவியில் தினமும் விவாதம், ஒப்புதல் எப்போது வரும் என்ற கேள்வி. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு பதில் சொன்னபோதுதான் குட்டு உடைந்தது. 2017 செப்டம்பரிலேயே ஒப்புதல் மறுக்கப்பட்டு மசோதாக்கள் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டனவாம்! ஏறக்குறைய 22 மாதம், செத்துப்போன மசோதாவுக்கு உயிர் இருப்பதாக நினைத்து ஒரு மாநிலமே பேசிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்குத் தெரியும், எப்போதிலிருந்து தெரியும், ஏன் சொல்லவில்லை என்று சட்டமன்றத்தில் அமளி துமளி.

ஏன் மறுத்தார்கள் என்று கேட்கிறீர்களா? கேட்கலாம். பதில் சொல்லியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 201-வது பிரிவு சொல்லவில்லை. இத்தனை நாளுக்குள் முடிவெடு என்று கெடுவும் வைக்கவில்லை.

அடுத்த சுற்று இன்னும் பிரமாதம். 2021 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் ஒரு குழு. நீட் தேர்வால் யாருக்கு என்ன ஆனது, மக்களே எழுதுங்கள் என்று அழைத்தார்கள். வந்து குவிந்த மனுக்கள் எத்தனை தெரியுமா? 86,342! 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரத்தின் மொத்த ஜனத்தொகையே 1,45,278 என்பதை வைத்துப் பாருங்கள், அளவு புரியும். கொரோனா இரண்டாம் அலை அடங்கியும் அடங்காத நேரத்தில் இத்தனை பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் நீட் வேண்டாம் என்றார்கள், வேண்டும் என்றவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. குழுவே செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், அது தள்ளுபடியானது. ஜூலையில் அறிக்கை தயார், செப்டம்பரில் அதைப் பொதுவில் வெளியிட்டார்கள். செப்டம்பர் 13 அன்று நீட் விலக்குக்குப் புது மசோதா நிறைவேறியது. (அந்த அவையின் துணை சபாநாயகர் நம் பக்கத்து ஆள்தான்: கீழ்பென்னாத்தூரின் கு. பிச்சாண்டி.)

ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 8-ம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றினார்கள். ஆளுநர் மாளிகையிலிருந்து மே மாதம் டெல்லிக்குப் போனது. 2025 ஏப்ரல் 4 அன்று, ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நீட் சரியா தப்பா என்பதை நீங்கள் டீக்கடையில் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. கருத்துக் கேட்டது ஊரறிய நடந்தது, அறிக்கை அச்சில் இருக்கிறது, அவையில் யார் என்ன பேசினார்கள் என்பது அவைக்குறிப்பில் இருக்கிறது. முடிவெடுத்த இடத்தில் மட்டும் கதவு சாத்தியிருந்தது.

ஒரே நாளில் கதவு திறந்த கதையும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தரும் மசோதா 2020 செப்டம்பர் 15 அன்று நிறைவேறியது. ஆளுநரிடம் ஒன்றரை மாதம் கிடந்தது. பொறுத்துப் பார்த்த அரசு, அக்டோபர் 29 அன்று தானே அரசாணை போட்டுவிட்டது. மறுநாளே ஒப்புதல் வந்தது! சித்தர் பூமி என்று பெருமைப்படும் நமக்கு மனசு ஆறாத செய்தி, சித்த மருத்துவப் பல்கலைக்கழக மசோதா. 2022 ஏப்ரலில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. 2025 அக்டோபரில் அதே பல்கலைக்கழகத்துக்குப் புது மசோதா வந்தபோது, ஆளுநர் எழுதி அனுப்பிய கருத்துகளை ஏற்க முடியாது என்று முதல்வரே தீர்மானம் கொண்டுவந்தார். இந்தத் தகராறாவது அவையில் எல்லோர் காதிலும் விழ நடந்ததே, அதுவரை லாபம்.

சரி, மின்னல் வேகத்தில் சட்டம் வந்தால் நல்லதா? 1897-க்குப் போவோம். பம்பாயில் பிளேக். தொற்றுநோய்ச் சட்ட மசோதாவை ஜனவரி 28 அன்று கல்கத்தாவில் கொண்டுவந்தார்கள், பிப்ரவரி 4 அன்று நிறைவேற்றிவிட்டார்கள். ஒரே வாரம்! நாலே நாலு பிரிவு. யாரிடம் கருத்துக் கேட்டார்கள்? புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட, ஊர் கொதித்தது. ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். கேட்காத கருத்து தெருவில் வந்து நின்றது. 2020-ல் கொரோனா வந்தபோது நாடு முதலில் எடுத்துக்கொண்டது இதே 1897 சட்டத்தைத்தான்.

இதற்கு நேர் எதிர், 1939-ன் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம் இதுதான், இன்றும் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது! ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரத்தைப் பார்த்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், தொழிலிலேயே மருத்துவர். திருவண்ணாமலைக்காரர்கள் கேட்டால் குதிப்பீர்கள்: சந்தைகள், திருவிழாக்களுக்கென்றே அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயம் உண்டு. கூட்டம் கூடும் இடத்தில் குடிநீர், கழிப்பிடம், காலரா தடுப்பு யார் பொறுப்பு என்று எழுதி வைத்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு லட்சம் லட்சமாகக் கிரிவலம் வரும் ஊரில், அண்ணாமலையாருக்கு அடுத்தபடி நாம் நம்பியிருப்பது இந்த அத்தியாயத்தைத்தான் என்றால் மிகையில்லை.

ரமணாசிரம வாசலில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை, சட்டத்தோடு சம்பந்தம் குறைவுதான். 1949 பிப்ரவரியில் பகவான் ரமணரின் இடது கையில் வந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். மறுபடி வளர்ந்தது. அந்த ஒரே வருஷத்தில் நாலு அறுவை சிகிச்சை! இடையில் ஹோமியோபதி, நாட்டு வைத்தியம், ஆயுர்வேதம் என்று ஆளாளுக்கு ஒரு யோசனை. 1950 ஏப்ரல் 14 மாலை வரை ஜனங்கள் வரிசையில் வந்து தரிசித்தார்கள். இவ்வளவு பேர் கண்ணெதிரே, இவ்வளவு பேர் கருத்தோடு நடந்த சிகிச்சை இந்த ஊரில் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

டெல்லிக்குத் திரும்புவோம். 2017 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணைய மசோதா வந்தது. ஆயுஷ் டாக்டர்கள் ஓர் இணைப்புப் படிப்பு முடித்தால் அலோபதி மருந்து எழுதலாம் என்று அதில் ஒரு பிரிவு. அலோபதி டாக்டர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். மசோதாவை நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். குழு எல்லாத் தரப்பையும் கேட்டது, 2018 மார்ச்சில் அறிக்கை தந்தது, அந்தப் பிரிவு அப்படியே கழன்று விழுந்தது! அது சரியான முடிவா என்று செங்கம் சாலையின் சித்த வைத்தியர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பது அறிக்கையில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. அப்படிக் குழுவுக்குப் போகும் மசோதாக்கள் எவ்வளவு தெரியுமா? 15-வது மக்களவையில் 71 சதவீதம். 17-வது மக்களவையில் 16 சதவீதம்!

இன்னொரு ரகசியம். ஒரு மசோதாவைப் பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடலாம் என்று மக்களவை விதிகளிலேயே வழி இருக்கிறது. சட்ட வரைவை 30 நாளாவது பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு ஒரு கொள்கையும் வகுத்தது. கொள்கைதான், கட்டாயமில்லை.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? சுகாதாரச் சீர்திருத்தப் பேச்சுவார்த்தையை டிவியிலேயே நடத்துவேன் என்று தேர்தலில் வாக்களித்தார் ஒபாமா. 2009 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்திய விடியற்காலையில், செனட் அந்தச் சீர்திருத்த மசோதாவை 60-க்கு 39 என்று நிறைவேற்றியது. சொன்ன நேரலை ஏழு மணி நேரத்துக்கு வந்தது 2010 பிப்ரவரி 25-ல்! தாய்லாந்துதான் அசத்தல். 50,000 கையெழுத்து சேர்த்தால் மக்களே மசோதா கொண்டுவரலாம் என்றது அவர்களுடைய 1997 அரசியலமைப்பு. தொண்டு அமைப்புகள் கையெழுத்து திரட்டின, 2002-ல் எல்லோருக்கும் மருத்துவம் என்ற சட்டம் வந்தது. 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை என்று வருஷா வருஷம் மக்களையும் அதிகாரிகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கிறார்கள்.

அந்தப் பேரவை யோசனை நம் ஊருக்கும் வந்துவிட்டது தெரியுமா? 2019-ல் உலக வங்கியின் 28.7 கோடி டாலர் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில் மாவட்ட சுகாதாரப் பேரவை, மாநில சுகாதாரப் பேரவை இரண்டும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன குறை, என்ன வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகளும் பொதுமக்களும் மாவட்டத்தில் பேச, அது மேலே மாநிலத்துக்குப் போக வேண்டும். எத்தனை பேருக்கு இது காதில் விழுந்திருக்கிறது? அடுத்த பேரவை எப்போது, போன பேரவையின் தீர்மானங்கள் என்ன ஆயின என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.