கம்பளிமேல் நின்ற தேநீர்த்துளி

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் தென்மேல் பருவமழை இறங்கினால் மலை எது, முகில் எது என்று தெரியாது. அம்மழையில் கொழுந்து பறித்த நம் முன்னோர் இடுப்பில் படங்கு கட்டி, தலைமேல் முரட்டுக் கம்பளியைப் போர்த்தினர். ஞெகிழித்தாள் வருமுன் அவர்களுக்கு வாய்த்த மழையங்கி அதுவே.

கம்பளி மழையைத் தாங்கியது எவ்வாறு? ஆட்டுமயிரின் செதில்கள்மீது ஒரு கொழுப்பமிலம், கந்தகப் பிணைப்பால் ஒற்றை மூலக்கூற்றுப் படலமாகப் பற்றி நிற்கிறது. அதன்மேல் நீர் பரவாது, உருளும். உள்ளிருக்கும் புரதமோ நீராவியை விரும்பி ஏற்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரம் கொள்ளும். கொள்ளும்போது வெப்பமும் விடும். இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றும் துளியை ஏந்துகிறது. இதனை 1944-இல் கணக்கிட்டுக் காட்டியவர்கள் கேசியும் பாக்சுடரும். இங்கிலாந்தின் கம்பளி ஆய்வுக் கழகத்தினர்.

துணி சுருங்காதிருக்க ஆலைகள் குளோரினால் செதிலை மழுக்குகின்றன. கொழுப்புப் படலமும் உடன் போகிறது. ஆடு தந்த மழைச்சட்டையைக் கழற்றிவிட்டு நீர்விலக்குப் பூச்சொன்றை மாட்டுகிறோம், வேடிக்கைதான்! பாலியெசுடர் கலந்த கம்பளித் துணியில் தன்மை வேறான இருவகை இழைகளையும் ஒரே பூச்சுப் பற்றவேண்டும். பூச்சுநீரில் தோய்த்து, உருளைகளிடையே பிழிந்து, 150 பாகை செல்சியசு அளவில் சுடவைப்பர். சூடு மிஞ்சினால் கம்பளி மஞ்சளிக்கும்.

நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். தேங்காயெண்ணெய்க்கு 30 அளவில். சிலிக்கோன் பரப்பின் மதிப்பு 22-ஐ ஒட்டியது. நீரைவிட மிகத் தாழ்ந்ததால் நீரைத் தடுக்கும், எண்ணெய்க்கு நெருங்கியதால் அதை முழுதும் தடுக்காது. புளோரின் பூச்சின் மதிப்பு இன்னும் தாழ்ந்தது; இரண்டையும் தள்ளும். 1953-இல் அமெரிக்காவின் 3எம் ஆய்வகத்தில் ஒரு காலணிமேல் தவறிச் சிந்திய புளோரின் சேர்மத் துளியே இதற்கு வித்து. ஆனால் இக்குடும்பப் பொருள்கள் எளிதில் சிதைவதில்லை. அவற்றுள் ஒன்றான பெர்புளோரோ ஆக்டனாயிக் அமிலத்தை 2019-இல் சுடாக்கோம் உடன்படிக்கை ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. பொகவந்தலாவையில் துவைத்த நீர் கெசல்கமுவ ஓயா வழியே களனியில் கலக்கும்; கொழும்பு குடிப்பது களனி நீரை.

தேயிலையின் துவர்ப்பொருள்கள் தோலைப் பதனிடுவதுபோலக் கம்பளிப் புரதத்தை இறுகப் பற்றும். ஆகவே கறையை வாயிலிலேயே நிறுத்தவேண்டும். தேநீரோ பெரும்பகுதி நீர்தான். அதற்குச் சிலிக்கோனோ மெழுகோ போதும். புளோரின் வேண்டியதில்லை என்பது என் முடிவு.

கம்பளிச்சட்டைமேல் தேயிலைச் சாயத்தண்ணீர் சிந்தி உருண்டு நின்றால் துணிமுனையால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இழையிடைக் காற்று வெளியேறும். சாயம் உள்ளே இறங்கும்.