கொதியிலும் சாகாத வித்து

"கொதிக்க வச்சா எந்தக் கிருமியும் செத்துடும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கொதிக்குத் தப்பும் கிருமிகளும் உண்டு. நாற்பது வருஷமாய் அரிசி, பருப்பு, மிளகு வியாபாரம் செய்பவன் என்பதால் இதைத் தேடிப் படித்தேன். அன்பர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள், இரை குறைந்தால் தமக்குள்ளேயே ஒரு வித்தை உண்டாக்கிக்கொள்ளும். அதுதான் ஸ்போர். நெல்லோடும் மிளகோடும் ஒட்டி நம் அடுக்களை வரை வந்துவிடும். கொதிநீரிலும் இவை பிழைப்பதை 1876-ல் ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் கோன் எடுத்துக்காட்டினார்.

இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது? விதை நெல்லை ஈரம் போகக் காயவைத்துத்தானே பத்திரப்படுத்துகிறோம்? வித்தும் அப்படித்தான். அதன் நடுக்கருவில் தண்ணீர் மிகக் குறைவு. அந்த இடத்தில் டைபிகோலினிக் அமிலம் கால்சியத்தோடு பிணைந்து நிறைந்திருக்கிறது. வித்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இதுவே. ஈரம் இல்லாத இடத்தில் புரதங்கள் சூட்டில் எளிதில் குலைவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வித்துகளை அமிலத்தில் வைத்துத் தாதுக்களை வெளியேற்றினால் சூடு தாங்கும் சக்தி வெகுவாகக் குறைகிறது. மறுபடி கால்சியத்தை ஏற்றினால் பெரும்பாலும் திரும்பி வருகிறது. சோடியம், பொட்டாசியம் ஏற்றினால் பலன் கொஞ்சம்தான், மெக்னீசியம், மாங்கனீஸ் அதைவிட மேல், கால்சியமே முதலிடம். அதற்காகச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தைக் குறைக்க வேண்டாம். வித்து உருவாகும்போதே தாதுவைச் சேர்த்துக்கொண்டுவிடுகிறது.

டப்பாவில் அடைக்கும் புளிப்பில்லாத உணவுகளைத் தொழிற்சாலைகளில் 121 டிகிரி சூட்டில் சுமார் மூன்று நிமிஷமாவது வைப்பது, பாட்டுலினம் என்ற கொடிய கிருமியின் வித்தை அழிக்கத்தான். புளிப்பு மிகுந்த பண்டத்தில் அந்த வித்து முளைக்காது. ஆகவே அதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. ரயிலில் ஊருக்குப் போகும்போது நாம் கட்டிக்கொண்டு போகும் புளியோதரைக்கும் புளிதான் துணை. வெறும் சாதத்துக்கு அந்தத் துணை இல்லை.

வடித்த சாதத்தில் பிழைத்திருப்பது பெரும்பாலும் பேசில்லஸ் சீரியஸ் என்பதன் வித்து. சூடான சாதத்தில் அது சும்மா கிடக்கும். சாதம் வெதுவெதுப்பாக ஆறி, மணிக்கணக்கில் மேடையிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். அந்த நஞ்சோ 120 டிகிரியிலும் அழியாது. "திரும்பச் சூடு பண்ணிட்டேனே" என்பது இங்கே செல்லாது.

எங்கள் சமண வீடுகளில் சமைத்த சாதத்தை மறுநாளுக்கு வைப்பதில்லை. உயிர்க்கொலைக்கு அஞ்சி ஏற்பட்ட வழக்கம் அது, உடம்புக்கும் நல்லதாயிற்று. வேலைக்கு ஓடும் இந்தக் காலத்தில் எல்லாருக்கும் அது முடியாது. மிஞ்சிய சாதத்தை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். விசேஷங்களில் பந்தி தாமதமானால், சாதம் கை பொறுக்காத சூட்டிலேயே, அதாவது 60 டிகிரிக்கு மேலேயே இருக்கும்படி சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.